திண்ணை வீட்டுக்கும் ஒரு சார்ஜிங் விதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் வாகனம் வாங்குவோருக்கு அரசு தரும் சலுகைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. ஆனால் வாங்கிய வண்டியை எங்கே நிறுத்தி, எந்த பிளக்கில் சார்ஜ் போடுவது என்ற கேள்வி, ஸ்ரீரங்கம் போன்ற பழைய ஊர்களில் இன்னும் தீராமலே கிடக்கிறது. நடைமுறையில் இருக்கும் விதிகள் எல்லாம் கார் ஷெட் உள்ள வீட்டையும் அடுக்குமாடிக் குடியிருப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திண்ணையும், வாசற்கதவுக்கு உள்ளே நடைபோல நீளும் ரேழியும் உள்ள வீடுகளுக்கென்று ஓர் எளிய விதியை மாநகராட்சியும் மின்வாரியமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து வகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கம் வேலி போட்டுக் காக்கப்படும் வெறும் நினைவுச்சின்னம் அன்று. ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயிலின் மதில்களுக்கு உள்ளேயே உத்தர வீதிகளும் சித்திரை வீதிகளும் இருக்கின்றன. அவற்றில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கோயிலில் நடந்த பாதுகாப்புப் பணிகளுக்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலிலும் இக்கோயில் 2014 முதல் இருக்கிறது. அதே மதில்களுக்குள்தான் ஆட்டோவும் காரும் ஸ்கூட்டரும் நாள் முழுவதும் புகை கக்கிக்கொண்டு கோபுர வாசல்களில் நுழைந்து வெளியேறுகின்றன. புகையில்லாத வண்டி எந்த ஊருக்கு முதலில் வர வேண்டும் என்று கேட்டால், நான் இந்த ஊரைத்தான் சொல்வேன். மாநில அரசின் 2023-ஆம் ஆண்டு மின் வாகனக் கொள்கையும் திருச்சிராப்பள்ளியை மாதிரி மின் வாகன நகரங்கள் ஆறில் ஒன்றாகக் குறிப்பிட்டிருக்கிறது.

இனி வீட்டைப் பார்ப்போம். இங்குள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் மிகுந்தவை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். தெருவிலிருந்து படியேறினால் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, பிறகு முற்றமும் கூடமும், கடைசியில் கொல்லை. காரை உள்ளே விட வழியே இல்லை. ஸ்கூட்டரை மட்டும் வாசற்படியில் சரிவாகப் பலகை போட்டு ரேழிக்குள் ஏற்றிவிடலாம். ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ரேழியில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதோ மாட்டிய ஒரு பிளக் இருக்கும். இரவு பத்து மணிக்கு அதில் சார்ஜரைச் செருகி, வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்கள்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்தப் பழக்கம்தான். வீட்டை விட்டு வெளியேற உள்ள ஒரே வழியில், தலைக்கு மேலே நூறாண்டு காய்ந்த தேக்கு உத்தரங்கள் இருக்க, பேட்டரி இரவு முழுவதும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கொல்லைப்புற வழி பல வீடுகளில் பின்னால் கட்டிய அறைகளால் எப்போதோ அடைபட்டுவிட்டது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் எழுந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் மூச்சுத் திணறி உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நடந்த விபத்துகளுக்குப் பிறகு பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரங்களை மத்திய அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் அவை இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. ஆகவே புதிய வண்டிகளின் பேட்டரி முன்பைவிட நம்பத்தக்கது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். வண்டி மாறியதே தவிர, அதைச் செருகும் சுவர் மாறவில்லை.

பழைய வீடுகளின் ஒயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஊரிலுள்ள எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் சொல்வார். மரச்சட்டத்தின் மேல் ஓடும் இரட்டை ஒயர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. மூன்று ஓட்டைப் பிளக்கைத் திறந்து பார்த்தால் எர்த் முனையில் ஒயரே இருக்காது. கொல்லையில் எந்தக் காலத்திலோ புதைத்த எர்த் குழாய் துருப்பிடித்து, மண் காய்ந்து, பெயருக்கு நிற்கும். இத்தனையும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதுமானதாக இருந்தவை. வெந்நீர் கீசரும் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் கால் மணி நேரத்தில் அதை அணைத்துவிடுகிறோம். சாதாரணப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டிய காரோ 3.3 கிலோவாட் அளவில் பல மணி நேரம் விடாமல் இழுக்கும். ஒயரில் எங்காவது தளர்ந்த இணைப்பு ஒன்று இருந்தால், அது சூடேறிக் கருகுவதற்கு அந்த நேரம் போதும்.

விதிகள் இல்லாமல் இல்லை. இருக்கும் மின் இணைப்பிலிருந்தே வீட்டில் வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், சார்ஜிங் பிளக் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், நிறுத்தப்படும் வாகனத்தின் இணைப்பு முனை 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், தனிச் சுற்றிலிருந்து மின்சாரம் வர வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் வேண்டும், இடையில் நீட்டிப்பு ஒயர் எதையும் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. இவை அனைத்தும் நல்ல விதிகள். ஆனால் எங்கள் தெருக்களில் மாலை நேரத்தில் நடந்து பார்த்தால், ஜன்னல் கம்பி வழியாக வெளியே வரும் ஒரு நீட்டிப்பு ஒயர் திண்ணையின் மேல் கிடந்து, சாக்கடை மூடியைத் தாண்டி, தெருவில் நிற்கும் காருக்குப் போவதைக் காணலாம். ஒயரின் இணைப்பு மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் சட்டத்தை மதிக்காதவர் அல்லர். சட்டப்படி செய்வது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டின் அமைப்பை நிதானமாகப் பார்த்தால் இதற்கான விடை திண்ணையிலேயே இருக்கிறது. திண்ணை தெருமட்டத்திலிருந்து ஏற்கெனவே இரண்டடிக்குக் குறையாமல் உயர்ந்து நிற்கிறது. அதன் மேல் சுவரில் இன்னும் ஓரடி உயரத்தில் பிளக் வைத்தால் 800 மில்லிமீட்டர் விதி தானே நிறைவேறிவிடும். வாசலையொட்டி நிற்கும் கார் 5 மீட்டருக்குள்தான் இருக்கும். மீட்டர் ரேழியிலேயே இருப்பதால் அதிலிருந்து தனி ஒயர் இழுக்கச் சில அடி தூரம் போதும். மழை புகாத, பூட்டுப் போடக்கூடிய ஒரு சிறு பெட்டியும், கசிவு கண்டால் துண்டிக்கும் சாதனமும், புதிதாக ஓர் எர்த்தும் இருந்தால் காருக்கும் ஸ்கூட்டருக்கும் அந்த ஓரிடமே போதும். ஸ்கூட்டர் ரேழியை விட்டு வெளியே வந்துவிடும் என்பதே எனக்கு இதில் பெரிய ஆறுதல்.

கார் வாங்கும்போது 7.2 கிலோவாட் சுவர் சார்ஜரைத்தான் பொருத்த வேண்டும் என்று விற்பனையாளர்கள் வற்புறுத்துவதுண்டு. ஊருக்குள் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு அது தேவையே இல்லை. சிறிய மின்கார் ஒரு யூனிட்டில் ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் அன்றாடத் தேவை ஐந்து யூனிட், 3.3 கிலோவாட் பிளக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரிய சார்ஜருக்காக மும்முனை இணைப்புக்கு மாறுவதும், சுவரைக் குடைந்து தடித்த கேபிள் பதிப்பதும் பழைய வீட்டுக்குக் கேட்டு வாங்கும் தொல்லை.

சுவரைக் குடைவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. துளையிடும் இயந்திரத்தை அதிர்வோடு வைத்தால், துளைக்குச் சுற்றிலும் காரை பாளமாகப் பெயர்ந்து விழும். அந்தக் காயத்தைச் சிமெண்டால் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளே தங்கி, அடுத்த மழைக்காலத்தில் பக்கத்துக் காரையும் உப்பும். திண்ணைத் தூண்கள் கல்லாயினும் மரமாயினும் அவற்றில் ஆணியே அடிக்கக் கூடாது. ஒயரைக் குழாய்க்குள் விட்டு, உத்தரத்தின் ஓரமாகச் சுவரின் மேலேயே ஓட்டி, சுவரின் நிறத்தையே பூசிவிட்டால் கண்ணை உறுத்தாது. நாளைக்கு வேண்டாம் என்றால் தடமில்லாமல் கழற்றிவிடலாம். தச்சர்களும் கொத்தனார்களும் அறிந்த இந்தச் சாதாரண ஒழுங்கை ஒரே ஒரு பக்கத்தில், படத்தோடு அச்சிட்டு எலக்ட்ரீஷியன்களுக்குக் கொடுத்தாலே பல வீடுகள் தப்பிக்கும்.

தெருவோரத்தில் கம்பம் நட்டு அதில் சார்ஜிங் வசதி தரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தேர் ஓடும் வீதிகளில் அது கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சித்திரைத் தேர் வரும் நாளில் சித்திரை வீதிகளில் மின்சாரத்தை நிறுத்தித்தான் தேரை இழுக்கிறோம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் மாண்ட பிறகு, தேர்வீதியில் புதிதாக ஒரு மின்சாதனத்தை நிறுத்த யாருக்கும் மனம் துணியாது. திண்ணைச் சுவரோடு ஒட்டிய பெட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. திருவிழா நாட்களில் அதை அணைத்துப் பூட்டிவைக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடலாம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலும் கார் நிறுத்த இடமில்லாத பழைய வரிசை வீடுகள் உண்டு. அங்கே வீட்டு வாசலிலிருந்து தெருவோரம் வரை நடைபாதையில் சிறு வாய்க்கால் போன்ற பள்ளம் வெட்டி, அதற்குள் கேபிளை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் திண்ணை தெருவையே தொட்டுக்கொண்டு இருப்பதால் அந்த வெட்டுக்கும் நமக்கு அவசியமில்லை.

அலுவலக நடைமுறைகளில் இரண்டு தடைகளை நீக்க வேண்டும். முதலாவது ஆவணம். பல வீடுகளில் மின் இணைப்பு இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. வீடு நிற்கும் நிலமான அடிமனை யாருக்கு உரியது என்ற வழக்கும் வாதமும் இந்த ஊரில் நெடுங்காலமாக முடியாமல் இருப்பது எல்லோரும் அறிந்ததே. அனுமதிக்கப்பட்ட லோடுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பான பிளக் வைப்பதற்குக் கூட மூலப்பத்திரம் வேண்டும் என்ற நிலை வந்தால், மக்கள் மறுபடியும் ஜன்னல் ஒயருக்கே போவார்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்துத் தரும் சான்றிதழே போதும் என்று ஆக்க வேண்டும். இரண்டாவது கட்டணம். மாதம் எண்ணூறு கிலோமீட்டர் ஓடும் கார், இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய இருநூற்றைம்பது யூனிட்டைக் கூட்டும். அதனால் 500 யூனிட்டைத் தாண்டும் குடும்பம், கட்டணப் பட்டியலே மாறிக் கூடுதலாகக் கட்ட நேரிடுகிறது. வாகனத்துக்கென்று விருப்பமுள்ளோருக்குத் தனி மீட்டரும் தனிக் கட்டணமும் தரலாம். தில்லியில் வீட்டு சார்ஜருக்கு மின் விநியோக நிறுவனத்திடமே விண்ணப்பித்துப் பெறும் ஏற்பாட்டை 2021-இல் தொடங்கி, முதல் 30,000 சார்ஜிங் முனைகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை மானியமும் அறிவித்தார்கள். இங்கே மானியம்கூட வேண்டாம், வழியைக் காட்டினால் போதும்.

ஒரே வீட்டில் நான்கைந்து போர்ஷன்களில் குடியிருப்பவர்களுக்குத் திண்ணைப் பிளக் உதவாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அவர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் மதில்களுக்கு வெளியே பொது சார்ஜிங் இடங்கள் வேண்டும். பஞ்சக்கரை சாலையில் யாத்ரி நிவாஸ் பக்கமும், அம்மா மண்டபம் செல்லும் வழியிலும் அதற்குத் தோதான இடம் பார்க்கலாம். வெளியூரிலிருந்து மின்காரில் வரும் பக்தர்களும் அங்கேயே வண்டியை விட்டுவிட்டு வந்தால் வீதிகளில் நெரிசலும் குறையும்.

பெருங்கோயில்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று விதி வகுத்திருக்கிறது நம் மாநிலம். கோயிலூருக்குத் தனி விதி எழுதுவது நமக்குப் புதிதல்ல. அடுத்த சித்திரைத் தேருக்கு முன்பாக மாநகராட்சி, மின்வாரியம், கோயில் நிர்வாகம் ஆகிய மூன்றும் ஒருமுறை கூடிப் பேசி, ஒரு வீதியில் பத்து வீடுகளிலாவது இதைச் சோதனையாகச் செய்து பார்க்க வேண்டுகிறேன். எந்தெந்த வீட்டில் எர்த் இருக்கிறது, எந்த வீட்டில் வண்டி ரேழியில் நிற்கிறது என்ற விவரத்தை வீடு வீடாகச் சென்று எடுத்துத் தர எங்கள் வீதிக்காரர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வடக்குச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.