ஆன் ஹுய்யும் ஷூ ஆன்ஹுவாவும் ஒருவரே

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு பதிப்பில் சீனப் பெண் இயக்குநர்கள் பற்றி வெளிவந்த கட்டுரையில் ஹொங்கொங் இயக்குநர் ஆன் ஹுய் ஒரு பந்தியிலும் ஷூ ஆன்ஹுவா இன்னொரு பந்தியிலும் வருகிறார்கள். இருவரும் ஒருவரே. முன்னது ஆங்கிலப் பெயர் சேர்ந்த வழக்கு, ஹொங்கொங்கில் பேசப்படும் கன்ரனீஸில்; பின்னது சீனாவின் பொதுமொழியான மண்டரின் உச்சரிப்பு. நடிகர் அன்டி லாவும் லியூ தெஹுவாவும் அப்படித்தான். இணையத்தில் படப் பட்டியல் திரட்டும் எவருக்கும் வரக்கூடிய வழுக்கல் இது. அதைப் பெரிதாக்க விரும்பவில்லை.

அடுத்த பிழையைத்தான் விட முடியாது. அவருடைய 'போட் பீப்பிள்' (1982) "கடலில் தத்தளிக்கும் வியட்நாம் அகதிகளின் கதை" என்று எழுதப்பட்டிருக்கிறது. படகு வருவதே கடைசிக் கட்டத்தில்தான். ஏறக்குறைய முழுப் படமும் நடப்பது கரையில், பெரும்பாலும் 1978இன் டானாங் நகரில். அரசாங்கம் காட்டுவதைப் படம்பிடிக்க வந்த ஜப்பானியப் புகைப்படக்காரர் ஒருவர், மக்களை அரசு குடியேற்றிய 'புதிய பொருளாதார வலயம்' ஒன்றில் பாடி வரவேற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறார். பிறகு தெருவில் காம் நுவாங் என்ற சிறுமியோடு பழகுகிறார். மரண தண்டனை நிறைவேறும் இடத்துக்கு அங்கே 'கோழிப் பண்ணை' என்று பெயர். வெடிச்சத்தம் கேட்டதும் அவளும் மற்றப் பிள்ளைகளும் அங்கே ஓடுகிறார்கள், செத்தவர்களிடம் உள்ளதை எடுக்க. கடைசியில் அவர் தன் கமராவை விற்றுத்தான் அவளுக்கும் தம்பிக்கும் படகில் இடம் பிடிக்கிறார். சனம் ஏன் படகேறுகிறது என்பதுதான் படம். எம்மவர்களுக்கு அந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

இந்தப் படம் திடீரென்று முளைக்கவுமில்லை. ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் இலக்கியம், லண்டன் ஃபிலிம் ஸ்கூலில் இரண்டு வருடம், திரும்பி வந்து இயக்குநர் கிங் ஹூவிடம் உதவியாளர், பிறகு தொலைக்காட்சி. கட்டுரை லண்டனிலிருந்து நேரே சினிமாவுக்குத் தாவுகிறது. (எங்கள் நாட்டு இயக்குநர் சுமித்ரா பீரிஸ் 1950களின் இறுதியில் படித்ததும் அதே பள்ளியில்தான், அன்று அதற்குப் பெயர் வேறு. அவருடைய முதல் படமான 'கெஹெனு லமாய்' 1978, ஆன் ஹுய்யின் முதல் படம் 'த சீக்ரட்' 1979.) விட்டுப்போன அந்தத் தொலைக்காட்சி வருடங்கள்தான் அடித்தளம். 1978இல் 'பாய் ஃப்ரம் வியட்நாம்' என்ற தொலைக்காட்சி நாடகத்துக்காக ஹொங்கொங்கில் வந்திறங்கிய அகதிகளிடம் வாய்மொழியாகத் திரட்டிய செய்திகளே அதன்பின் 'த ஸ்டோரி ஒஃப் வூ வியட்' (1981), 'போட் பீப்பிள்' இரண்டுக்கும் மூலப்பொருளாயின.

படப்பிடிப்பு வியட்நாமில் அல்ல, சீனாவின் ஹைனான் தீவில். 1979 எல்லைப் போருக்குப் பிறகு வியட்நாமோடு பெய்ஜிங்குக்கு இருந்த பகைதான் கதவைத் திறந்தது. தயாரிப்பாளர் முன்னாள் நடிகை சியா மெங். ஆனால் சீனப் பெருநிலத்தில் வேலை செய்த ஹொங்கொங் கலைஞர்களுக்கு, பெய்ஜிங்கோடு பகைத்திருந்த தாய்வான் சந்தை மூடப்படும், ஹொங்கொங் சினிமாவின் வருமானமோ தாய்வானைப் பெரிதும் நம்பியிருந்தது. அந்தப் பயத்தில் நடிகர் சௌ யுன்ஃபட் விலக, அவருக்கென்றிருந்த வேடம் அன்று அவ்வளவாக அறியப்படாத அன்டி லாவுக்குப் போனது. தாய்வான் படத்தைத் தடைசெய்தது. 1983இல் கான் விழாவில் போட்டிக்கு வெளியேதான் திரையிடப்பட்டது. இடதுசாரி விமர்சகர்கள் வியட்நாமுக்கு எதிரான பிரசாரம் என்றார்கள். ஹொங்கொங் பார்வையாளர்களோ, பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்குப் போகும் 1997க்குப் பின் தங்களுக்கு வரப்போவதை அதில் பார்த்தார்கள். படம் வெளியாவதற்கு முந்திய மாதம்தான் பிரிட்டிஷ் பிரதமர் தட்சர் ஹொங்கொங்கின் எதிர்காலம் பற்றிப் பேச பெய்ஜிங் போய் வந்திருந்தார்.

அன்று வாய்ப்புப் பெற்ற அன்டி லா, சுமார் 30 வருடம் கழித்து 'எ சிம்பிள் லைஃப்' படத்துக்குப் பணம் கிடைக்காமல் ஆன் ஹுய் அலைந்தபோது, தானே முதலீட்டில் சேர்ந்து நடிக்கவும் செய்தார். அதில் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்த டீனி இப்புக்கு 2011இல் வெனிஸில் சிறந்த நடிகை விருது. ஹொங்கொங் திரைப்பட விருதுகளில் ஆன் ஹுய் ஆறு தடவை சிறந்த இயக்குநர், 2020இல் வெனிஸின் வாழ்நாள் சாதனைத் தங்கச் சிங்கமும் அவருக்கே. விருதுகளைக் கட்டுரை விரிவாகவே சொல்லிவிட்டது. எங்கள் தெரிவோ, கட்டுரை தொடாத 'த வே வீ ஆர்' (2008). சுப்பர் மார்க்கெட்டில் டூரியன் உரிக்கும் தாய், சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் மகன், அயலில் ஒரு கிழவி. கொஞ்சப் பணத்தில் டிஜிட்டலில் எடுத்தது. எதுவும் நடக்காதது போலவே இருக்கும்.

வாசகர்கள் தேடிப் பார்ப்பதானால் டப்பிங் பிரதிகளைத் தவிர்க்கவும். முக்கியமாக 'சோங் ஒஃப் த எக்ஸைல்' (1990). ஆன் ஹுய்யின் தாய் ஜப்பானியர், தன் வீட்டுக் கதையைத் தழுவியே இதை எடுத்தார். கன்ரனீஸ், மண்டரின், ஜப்பானியம் மூன்றும் இதில் வருகின்றன. ஜப்பானில் தாயின் ஊரில், ஜப்பானியம் தெரியாத மகள் தோட்டத்துத் தக்காளி ஒன்றைப் பறித்துக் கடிக்கிறாள். தோட்டக்காரர் கத்திக்கொண்டு ஓடிவருகிறார். திருடி என்று பிடிக்க வருவதாக நினைத்து அவள் ஓடுகிறாள். அவர் கத்தியது, அதில் பூச்சிமருந்து அடித்திருக்கிறது என்று. எல்லோரையும் ஒரே மொழியில் பேசவைத்த பிரதியில் அவள் ஏன் ஓடுகிறாள் என்பதே விளங்காது.

திரைப்பட ஆர்வலர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.