தென்பெண்ணைக் கரைக்குப் பொக்லைன் அனுப்புகிறவர்களுக்கு

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்டம் இருமத்தூருக்குக் கீழே தென்பெண்ணை ஆற்றங்கரையில் போன மாதம் நடந்த சீமைக்கருவேலம் அகற்றும் வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோப்பு உங்கள் மேசையில் இருக்கும், விவரம் சொல்லத் தேவையில்லை. கருவேலத்தை எடுக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வந்த வண்டிக்குக் கருவேலமும் ஒன்றுதான், நீர்மருதும் ஒன்றுதான். புங்கன், நாவல் எல்லாமே வேரோடு போயின. கேட்டால், "கரையைச் சுத்தமாக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்கள். சுத்தமாகத்தான் ஆக்கிக் கொடுத்தார்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் பக்கம் மருது நின்ற கரை நின்றது. முன்பே இதேபோல் சுத்தமாக்கி வைத்திருந்த கரைதான் அந்த வெள்ளத்தில் போனது. பக்கத்துக் கொல்லைக்காரருடைய மோட்டார் கொட்டகையும் ஒரு வரிசைத் தென்னையும் அதோடு போயின. பட்டாவில் அவர் நிலம் இன்னும் முழுசாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் பாதி ஆற்றுக்குள் கிடக்கிறது. அந்தப் பட்டாவை வைத்து வாங்கிய பயிர்க்கடனுக்கு வட்டி மட்டும் முழு நிலத்துக்கும் ஓடுகிறது. மறுபடி அளந்து கொடுங்கள் என்று மனுவோடு போனவரிடம், "ஆறு ஒதுங்கினா நிலம் வந்துடும்" என்றாராம் ஒருவர். சரி, வரட்டும். அதுவரை தண்ணீருக்குள் என்ன பயிர் வைப்பது என்பதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

எனவே கேட்பது ஒன்றுதான்: பொக்லைன் இறங்குவதற்கு முன், ஊர்க்காரர்களையும் வைத்துக்கொண்டு, நிற்க வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போடுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாததல்ல. வெறும் மண்ணாகக் கிடக்கும் கரையில் முதலில் முளைப்பதே சீமைக்கருவேலம்தான். அதன் காயை ஆடு தின்று போகிற இடமெல்லாம் விதைக்கும். அடிக்கட்டை மிச்சமிருந்தால் அதிலிருந்தே துளிர்க்கும். நிழல் தந்து அதை அடக்கி வைத்திருந்த மரங்களை எடுத்துவிட்டு, நாலு வருடம் கழித்து மறுபடி டெண்டர் விடலாம். அப்புறம் ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள் வந்தால் வெட்டிய இடத்திலேயே மரம் நடும் விழாவும் நடக்கும், போட்டோவும் வரும். கரைந்துபோன மண் சாத்தனூர் அணையில் சேர்ந்தால் அதைத் தூர்வார வேறொரு திட்டம். கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரைக்குக் கழிவுநீர் விடும் பெங்களூரைத் திட்டலாம், மார்க்கண்டேய நதியில் தண்ணீர் குறைந்தால் கர்நாடகத்தில் யார்கோள் அணையைக் கட்டியவர்களைத் திட்டலாம். இந்தக் கரையில் இறங்கிய பொக்லைனுக்கு யாரைத் திட்டுவது?

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து மேல்கரையில் வேலை தொடங்கப் போவதாகக் கேள்வி. அங்கே பெரிய மருதுகள் இன்னும் நிற்கின்றன. வண்டி வருவதற்கு முன் அவற்றுக்கு அடையாளம் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பும் வாளியும் நாங்களே கொண்டு வருகிறோம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை விவசாயி ஒருவன்