எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க

அன்புள்ள சேது,

பொங்கலுக்குள் எழுதுகிறேன் என்றவன் ஆடியில் எழுதுகிறேன், திட்டிக்கொள். முழங்கால் தேவலை. கமலா சுகம். உன் பேத்தி போட்டோ பார்த்தேன்; மூக்கு உன்னுடையது இல்லை, பிழைத்தாள்.

நம்ம கொய்யாப்பழப் பாட்டி ஞாபகம் இருக்கிறதா? 2018-ல் கஜாவில் தோப்பு சாய்ந்ததைச் சொல்லிச் சொல்லி பேங்கில் உன் டேபிள் முன்னால் அழுவாளே, அவள்தான். போன வாரம் வந்தாள். பேரனுக்கு காலேஜ் பீஸ் கட்ட டெபாசிட்டை உடைக்கணுமாம். மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பார்த்தால் டெபாசிட் ரசீது இல்லைடா, இன்சூரன்ஸ் பாலிசி! வருஷத்துக்கு 50,000, பத்து வருஷம் கட்டணும். கூடவே இரண்டாவது பிரீமியத்துக்கு நோட்டீஸ். வேண்டாம் என்று திருப்பித்தர 30 நாள்தான் ஃப்ரீ லுக். அது எப்போதோ போயிற்று.

விற்றது நம் பிராஞ்ச். கையெழுத்து என்னுடையது.

அன்று நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன வருஷம் மார்ச் கடைசி வாரம். காலை வாட்ஸப்பில், சாயங்காலம் கான்ஃபரன்ஸ் காலில், "இன்னிக்கு எத்தனை பாலிசி லாகின்?" என்று மேலிடத்துக் கேள்வி. அந்தப் புது ஆபீசர் பொண்ணு பாட்டியை ஸ்டூலில் உட்காரவைத்திருந்தாள். கம்பெனியிலிருந்து சரிபார்க்க போன் வந்தது. "பாட்டி, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க" என்றாள். கேபினுக்குள் எனக்குக் கேட்டது. பாட்டியும் ஏழெட்டு ஆமா சொன்னாள். நான் தலை நிமிராமல் அடுத்த பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ரெக்கார்டிங்கே அவளுக்கு எதிரான சாட்சி.

அந்தப் பொண்ணைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி பேங்க் ஊழியருக்கு ஊக்கத்தொகை எதுவும் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கமிஷன் பேங்குக்கு, வசவு நமக்கு. ஒரு பைசா லாபமில்லாமல் பயத்திலேயே செய்கிறோம். 2016-ல் ஜன்தன் கணக்குகளில் ஜீரோ பேலன்ஸ் தெரியக்கூடாதென்று சட்டைப்பையிலிருந்து ஒவ்வொரு ரூபாயாகப் போட்டாயே, வள்ளலே, அதுவும் பயம்தான். ஆனால் அது உன் காசு. அதனால்தான் இத்தனை வருஷம் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

பாட்டி சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சார் இருக்கீங்கல்ல, பாத்துச் செய்ங்க" என்று பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை நானே உட்கார்ந்து எழுதிவிட்டேன். டெபாசிட் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம், முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும் என்று கம்பெனிக்கு ஒன்று, ரீஜனல் ஆபீசுக்கு நகல். ரிட்டயர்மென்டுக்கு ஏழு மாசம் இருக்கும்போது தனக்குத்தானே சார்ஜ் ஷீட் எழுதிக்கொண்ட முதல் மேனேஜர் நானாகத்தான் இருப்பேன். கிராஜுவிட்டியில் கை வைப்பார்களா? யூனியனில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் நைசாக விசாரித்துச் சொல். பீஸுக்குக் கடைசித் தேதி 18. அதை இப்போதைக்கு நான் கட்டிவிட்டேன்.

கமலாவிடம் எதுவும் சொல்லவில்லை. ரிஜிஸ்டர் தபால் ரசீது சட்டைப்பையிலேயே கிடக்கிறது. நீ போன் செய்தால் அவள்தான் எடுப்பாள், உளறிவைக்காதே.

உன்,
மணி