ஆற்று டிஎன்ஏ ஆய்வு கரையிலேயே கெடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், சுங்கை சிலாங்கூர் ஆற்றோரமாகக் குளிர்பெட்டியோடு வந்து, நீரிலுள்ள பாக்டீரியாவின் டிஎன்ஏவை ஆராயத் தண்ணீர் எடுத்துப் போகும் ஆய்வாளர்களைப் பற்றித் தோட்டத்து மக்களிடம் ஒரு குறை உண்டு. வருகிறார்கள், போகிறார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை என்கிறார்கள். குறை நியாயமானதுதான். பெரும்பாலும் இவர்கள் முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள். அந்த ஒப்பந்தம் ஆற்றின் போக்குக்கு ஒத்துவராது. இதில் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

ஆற்று நீரின் தரத்தை நம் மலேசியாவில் ஆறு அளவுகளை வைத்துக் குறியீடாகச் சொல்கிறார்கள்: கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்), சிஓடி (அதை இரசாயனத்தால் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், நீரில் கலங்கி நிற்கும் திடப்பொருள், பிஎச் (அமில, கார அளவு). நுண்ணுயிர் இந்த ஆறு அளவுகளில் இல்லை. அம்மோனியா ஏறிவிட்டது என்று குறியீடு சொல்லும். அது செம்பனை ஆலைக் குளத்திலிருந்து வந்ததா, வீட்டு மலத்தொட்டியிலிருந்தா, தோட்டத்தில் மேயும் மாடுகளிடமிருந்தா என்று சொல்லாது. அந்த இடத்தில்தான் டிஎன்ஏ உதவுகிறது. மனிதக் குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் இனத்துக்கென்றே எச்எஃப்183 என்ற அடையாளச் சோதனை உண்டு. மனிதக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் பிரித்துக் காட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் டிஎன்ஏ மருந்தாகாது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, துர்நாற்றத்தால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றனவே, அந்த வகை மாசுக்கு இரசாயனச் சோதனைதான் வேண்டும்.

இனி கரை வேலைக்கு வருவோம். ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பாட்டிலைப் பத்துக்கு ஒரு பங்கு குளோராக்ஸ் கலந்த நீரில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் நன்றாக அலசியிருக்க வேண்டும். குளோராக்ஸ் மிச்சமிருந்தால் மாதிரியின் டிஎன்ஏவையும் அது சிதைத்துவிடும். ஆற்றில் இறங்கினால் நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கால் கிளப்பிய சேறு பின்னால் போகும்படி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, வாயை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிரப்ப வேண்டும். மழைக்குப் பிறகு இறங்கவே கூடாது. வெள்ளம் ஒரு காரணம், காலில் புண் இருந்தால் எலிச் சிறுநீர் நோய் இன்னொரு காரணம். அப்போது பாலத்திலிருந்து கயிறு கட்டிய வாளியை விட்டு, மூன்று முறை ஆற்று நீராலேயே அலசிவிட்டு எடுத்தால் போதும்.

ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை. கழிவு உடனே ஆறு முழுதும் பரவுவதில்லை; நெடுந்தூரம் ஒரு கரையை ஒட்டியே ஓடும். எதிர்க்கரையில் எடுத்துவிட்டு “ஆறு சுத்தம்” என்று எழுதினால் அது ஆய்வே இல்லை. கலக்கும் இடத்துக்கு மேலே ஓர் இடம், கீழே குறைந்தது இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் இடது, நடு, வலது என்று எடுக்க வேண்டும். கம்போங் குவாந்தான் போன்ற கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றவற்றமும் சேரும். ஒருநாள் ஏற்றத்திலும் மறுநாள் வற்றத்திலும் எடுத்தால், ஒப்பிடுவது இரண்டு வேறு தண்ணீர்களை.

எடுத்த நீரை 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் செலுத்தினால் பாக்டீரியாக்கள் அதில் தங்கும். தெளிந்த நாளில் ஒரு லிட்டர் போகும். செம்மண் கலங்கலில் 100, 200 மில்லிலிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். அப்போது பலர் ஊசிக்குழாயை வலுக்கட்டாயமாக அழுத்துவார்கள். அதுவரை முரண்டு பிடித்த தண்ணீர் திடீரென்று சுலபமாகப் போனால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அந்த வடிகட்டியை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். எத்தனை மில்லிலிட்டர் போனது என்பதைக் கரையிலேயே பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஐஸ் தண்ணீரில் அழிந்துவிடும்.

வடிகட்டாமல் பாட்டிலைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றுவது பெரும் தவறு. நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே சில இனங்கள் பெருகும், சில சாகும். பிறகு கிடைக்கும் கணக்கு பாட்டிலுடையதே தவிர ஆற்றுடையது அன்று. உடனே வடிகட்ட முடியாவிட்டால் ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கூடவே ஒரு வெற்று மாதிரியும் வேண்டும்: ஆய்வகத்துத் தூய நீரைக் கரைக்குக் கொண்டுவந்து, அங்கேயே திறந்து, அதே முறையில் வடிகட்டுவது. கையுறையிலிருந்தோ இரசாயனப் பெட்டியிலிருந்தோ என்ன ஒட்டிக்கொண்டது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். கடையில் வாங்கும் மினரல் வாட்டர் இதற்கு ஆகாது, அதிலும் பாக்டீரியா உண்டு.

ஆய்வகத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். டிஎன்ஏவைப் பிரித்து, எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவின் ஒரு துண்டை பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பல மடங்கு பெருக்கி, வரிசையைப் படித்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். இலைமக்கிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் பிசிஆரைத் தடுக்கும். டிஎன்ஏ கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். பிசிஆர் சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போனால், வெவ்வேறு உயிரினங்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு இல்லாத உயிரினமெல்லாம் பிறக்கும்.

முடிவைப் படிப்பதில்தான் பத்திரிகைகளும் தடுமாறுகின்றன. 16எஸ் தருவது விழுக்காடு, எண்ணிக்கை அன்று. ஓர் உதாரணம்: மழைக்கு முன் ஒரு மில்லிலிட்டரில் 100,000 பாக்டீரியா, அதில் குடல் பாக்டீரியா 2 விழுக்காடு, அதாவது 2,000. மழையில் மண் பாக்டீரியா அடித்துவரப்பட்டு மொத்தம் 400,000 ஆகிறது. குடல் பாக்டீரியா 1 விழுக்காடு. விழுக்காடு பாதியாகிவிட்டது, எண்ணிக்கையோ 4,000 என்று இரட்டிப்பாகிவிட்டது. மொத்த எண்ணிக்கை தெரியாமல் “மாசு குறைந்தது” என்று தலைப்பிடக்கூடாது. எலிச் சிறுநீர் நோய்க் கிருமியின் பெயரில் “லெப்டோஸ்பைரா கண்டுபிடிப்பு” என்பதும் அப்படியே. அந்தப் பேரினத்தில் தீங்கில்லாதவையும் உண்டு. நோய் தருவதைப் பிரித்தறிய லிப்எல்32 போன்ற மரபணுவைத் தனியே தேட வேண்டும். அப்போதும் அது உயிரோடு இருந்ததா செத்ததா என்று டிஎன்ஏ சொல்லாது.

டிஎன்ஏ தேவைப்படாத சோதனை ஒன்றும் உண்டு. தோட்டத்துக் கால்வாயில் எண்ணெய்போல் மினுங்கும் படலத்தைப் பார்த்து ஆலையைத் திட்டுவதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை, அருகில் துரு நிறச் சேறும் இருக்கும். உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லுங்கள்.

ஒப்பந்த விஷயத்துக்கு வருகிறோம். சிலாங்கூரில் மழை ஏப்ரல் வாக்கில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் ஒருமுறை உச்சமடையும். ஓராண்டு ஒப்பந்தக்காரருக்கு ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். பார்த்த மாற்றம் பருவத்தால் வந்ததா, அந்த ஆண்டின் தனிக்குணமா என்று அவரால் சொல்ல முடியாது. உயிரியல் வளங்களை எடுக்க 795ஆம் சட்டப்படி அனுமதியும் வாங்க வேண்டும், அது முடிவதற்குள் ஒரு மழைக்காலம் போயிருக்கும். அவர் போன பிறகு, விவரச் சீட்டில்லாத வடிகட்டிகள் உறைபெட்டியில் கிடந்து ஒருநாள் குப்பைக்குப் போகும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: குடியிருப்பாளர் சங்கமோ கோயில் நிர்வாகமோ முன்வந்து, ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே பாலத்திலிருந்து, ஒரே நேரத்தில், இரண்டிரண்டு வடிகட்டிகள். ஒன்றை இப்போதைய ஆய்வாளர் பயன்படுத்தட்டும். மற்றது மைனஸ் 80 பாகையில் அடுத்து வருபவருக்காக இருக்கட்டும். தேதி, நேரம், இடம், வடிகட்டிய அளவு, முந்திய நாள் மழை பெய்ததா என்ற விவரங்களின் ஒரு பிரதி ஊரிலேயே இருக்க வேண்டும். அடுத்த முறை குளிர்பெட்டியோடு யாராவது வந்தால், வெற்று மாதிரி எடுத்தீர்களா, இரண்டாவது வடிகட்டி எங்கே வைக்கப்படும் என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆற்று நுண்ணுயிர் ஆய்வில் பணிபுரியும் சிலர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்