அட்டைப்பெட்டியில் 120, பாட்டிலில் 250

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில் மருந்தின் அளவு மாறியிருப்பது தொடர்பாக

ஐயா,

போன வாரம் என் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் சிரப்பில் 7.5 மில்லி கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தந்தார். மருந்துக்கடையில் உங்கள் கம்பெனி சிரப் கிடைத்தது. அட்டைப்பெட்டியில் 120 என்று பார்த்துத்தான் வாங்கினேன். முதல் வேளை கொடுத்துவிட்டு மூடியைத் திருகும்போதுதான் பாட்டில் லேபிள் கண்ணில் பட்டது: 5 மில்லிக்கு 250.

பாட்டிலில் இருப்பது சரியென்றால், 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 375 போயிருக்கிறது. ராத்திரியோடு டாக்டருக்கு போன் செய்தேன். அடுத்த வேளையை நிறுத்தச் சொன்னார். குழந்தை நன்றாக இருக்கிறாள். ஆனால் ஆறு மணிக்கொருமுறை என்று இரண்டு நாள் கொடுத்திருந்தால் அவள் ஈரல் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

கடைக்காரர் மேல் பழி போட முடியாது. பெட்டியின் ஒட்டு பிரியாமல் இருந்தது, நானே கிழித்தேன். மறுநாள் கடையில் இன்னொரு பெட்டியை என் கண் முன்னாலேயே பிரித்தார். அதிலும் இதே கதை. பெட்டியில் ஒரு பேட்ச் எண், பாட்டிலில் வேறொன்று.

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940 உங்களுக்குத் தெரியாததல்ல. லேபிளிலோ மருந்தோடு வரும் வேறெதிலுமோ ஒரு விவரம் பொய்யாகவோ ஏமாற்றும்படியோ இருந்தாலே, 17ஆவது பிரிவின்படி அது ‘மிஸ்பிராண்டட்’ மருந்து. அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் 18ஆவது பிரிவு தடை செய்கிறது. பாட்டிலில் உள்ள விவரங்கள் வெளிப்பெட்டியிலும் இருக்க வேண்டும் என்று 96ஆவது விதி சொல்வதும் என்னைப் போன்றவர்கள் பெட்டியை நம்பி வாங்குவதால்தான்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், “பேக்கிங் மாறிடுச்சு மேடம், பாட்டிலை கூரியர்ல அனுப்புங்க, புதுசு தர்றோம்” என்றார். அனுப்ப மாட்டேன். வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்று 26ஆவது பிரிவு இருக்கிறது. பாட்டில், பெட்டி, பில் மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இந்தக் கடிதத்தின் நகலை மருந்து ஆய்வாளரிடமும் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் புது பாட்டில் வேண்டாம். உள்ளே இருப்பது 120ஆ, 250ஆ என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்த இரண்டு பேட்சையும் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள். எங்கள் தெருக் கடைக்காரர் மிச்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். மற்ற கடைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், இன்றே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்