செயலாளரின் ஆண்டறிக்கை: வண்டி வயர்லெஸ்ஸும் ஆண்டெனா மவுண்டும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் இசிப்பிங்கோவிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தமிழ் வகுப்பு வழக்கம்போல் நடக்கிறது. ஆடி மாதக் கூழ்ப் பிரார்த்தனைக்குக் கூட்டம் குறைவில்லை, பாத்திரங்கள்தான் குறைவு. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் ஆண்டெனா மவுண்ட், அதாவது ஆண்டெனாவை வண்டியில் பொருத்தும் அடித்தாங்கி, என்று ஒரு வரி வரும். "வயர்லெஸ் ரேடியோதான் வாங்கியாயிற்றே, அப்புறம் இதற்கு ஏன் தனிச் செலவு?" என்று பலரும் கேட்டுவிட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

வயர்லெஸ் நமக்கு எதற்கு என்பதை 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையே தண்ணீரில் நின்றது. மின்சாரம் போனது, பல இடங்களில் செல்பேசிக் கோபுரங்களும் படுத்துவிட்டன. வெள்ளம் வராத நாளிலும், காவடிக்கும் ஈஸ்டர் மாரியம்மன் திருவிழாவுக்கும் கூட்டம் சேர்ந்தால் செல்பேசி திணறுகிறது. தண்ணீர் வண்டி, முதலுதவி வண்டி, முதியோரை ஏற்றிவரும் கோம்பி வேன் எல்லாம் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும்.

சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். கையடக்க வயர்லெஸ்ஸை வண்டிக்குள் வைத்துப் பேசினால், சுற்றியுள்ள தகரமே அலையைத் தடுத்துவிடும். வெளியே ஆண்டெனா வேண்டும், அது நிற்கும் இடமும் சரியாக இருக்கவேண்டும். நாம் பயன்படுத்தும் வி.எச்.எஃப். அலைவரிசைக்குக் கால் அலை ஆண்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி, ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். அதன் அடியில் எல்லாப் பக்கமும் அதே அளவுக்குத் தகரம் பரந்திருந்தால்தான் அலை நாலாபுறமும் ஒரேமாதிரி போகும். வண்டியில் அப்படிப்பட்ட இடம் கூரையின் நடு ஒன்றுதான்.

முதலில் எல்லோரும் கேட்டது காந்த மவுண்ட். ஓட்டை போடவேண்டாம், கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் வேலைக்கு அது சரி. ஆனால் காந்தத்தின் அடியில் மணலும் உப்பும் சேர்ந்து பெயிண்டைத் தேய்த்துவிடும். கேபிள் கதவு இடுக்கில் நசுங்கி, அதன் வழியே மழைநீரும் உள்ளே இறங்கும். பாக்கி எனும் பிக்கப் வண்டியின் பின்பக்கக் கூடான கனோபி ஃபைபரிலோ அலுமினியத்திலோ இருந்தால் காந்தம் ஒட்டவே ஒட்டாது. அலுமினியத்தில் மவுண்டைத் திருகிவிடலாம். ஃபைபரில் திருகினாலும் அடியில் உலோகம் இல்லாததால் கால் அலை ஆண்டெனா உருப்படியாக வேலை செய்யாது.

அடுத்தது பானெட் ஓரத்தில் திருகும் பிராக்கெட். சொந்த வண்டியின் கூரையைத் துளைக்க மனம் வராதவர்களுக்கு இதுவே வழி. அலை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து போகும், பொறுத்துக்கொள்ளலாம். நம் உறுப்பினர் ஒருவரின் ஹைலக்ஸில் இதை மாட்டி மீட்டரில் பார்த்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். 3-ஐத் தாண்டியது. ஆண்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது; 1-க்கு அருகே இருந்தால் நல்லது. ரேடியோவைத்தான் எல்லோரும் திட்டினார்கள். வயர்லெஸ் வேலையைப் பார்க்கும் குழுவின் மூத்த அண்ணா ஒன்றும் பேசாமல் பிராக்கெட்டைக் கழற்றி, திருகின் முனை படும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளத்ததும் மறுபடி இறுக்கினார். மீட்டர் 1.5-க்குக் கீழே வந்தது. பிராக்கெட்டுக்குப் பாடியோடு உலோகத் தொடர்பு இல்லை, அவ்வளவுதான் கோளாறு. சுரண்டிய இடத்தில் உடனே கிரீஸ் தடவவேண்டும். டர்பன் கடற்காற்றுக்கு வெறும் தகரத்தைக் காட்டினால் துரு பிடிக்க நாளாகாது. பானெட் கீல் வழியாக மட்டும் தொடர்பு கிடைக்கும் வண்டிகளில், பானெட்டுக்கும் பாடிக்கும் இடையே ஒரு பின்னல் கம்பிப் பட்டையும் போடவேண்டும்.

கண்ணாடியில் ஒட்டும் வகையைக் குழு தொடவே இல்லை. உலோகம் கலந்த டின்ட் ஒட்டிய கண்ணாடியில் அது வீண்.

சங்கத்தின் சொந்த வண்டிகளுக்குக் கூரை நடுவில் துளையிட்டு மாட்டும் என்.எம்.ஓ. மவுண்டையே தேர்ந்தோம். துளை 19 மி.மீ. உட்பக்க விளக்கைக் கழற்றினால் அந்த வழியாகவே கேபிளை இழுத்துக்கொள்ளலாம். கூரை ஓரத்தில் ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் கேபிள் அதன் முன்னால் குறுக்கே ஓடக்கூடாது. இதை வேலை செய்பவரிடம் எழுதிக்கொடுத்தே வண்டியை விடவேண்டும். வாங்கும்போது பார்க்கவேண்டியது பித்தளை உடம்பு, கெட்டியான ரப்பர் வளையம், கேபிள் சேரும் இடத்தின் பற்றவைப்பு. பளபளக்கும் குரோம் பூச்சைப் பார்த்து மயங்கவேண்டாம், உள்ளே மட்ட உலோகமாக இருந்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது. மிச்சக் கேபிளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணிப்பதும் வேண்டாம். சாதாரண ஆர்.ஜி. 58 கேபிளில் இந்த அலைவரிசையில் 5 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் போய்விடும், அதாவது சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. தேவையான நீளத்துக்கு வெட்டி முனை போடுவதே நல்லது.

ஓட்டை போட்டால் வண்டியின் மறுவிற்பனை விலை குறையும் என்று சில அங்கிள்மார் சொன்னார்கள். குறையலாம். சங்க வண்டி விற்பதற்கு வாங்கியதல்ல என்பது என் கருத்து. விற்கும் நிலை வந்தால் ரப்பர் மூடி போட்டு அடைக்கலாம்.

அலைவரிசை உரிமத்தை அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையமான இக்காசாவிடம் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடமே இருக்கும். வண்டிகளின் மவுண்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பூசத்துக்கு முன், கழற்றித் துடைத்து மீட்டரில் பார்க்கவேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது. சொந்த வண்டியில் மாட்ட விரும்புவோர் பெயரை மட்டுமல்ல, வண்டியின் மாடலையும் கனோபி எதனால் ஆனது என்பதையும் சேர்த்து எழுதித் தரவும்.

செயலாளர்