இன்ஜினை விற்கிறீர்கள், ஒயரை ஏன் வெட்டுகிறீர்கள்?

பழைய வண்டிகளைப் பிரித்து இன்ஜினும் உதிரியும் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அனைவருக்கும் வணக்கம்.

உங்களைக் குறை சொல்வதற்கென்றே இதை எழுதவில்லை. நீங்கள் இல்லையென்றால், 25 வருடப் பழைய வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் என்றோ அதைத் தலைமுழுகியிருப்போம். பாடி உறுதியாக இருக்கும், கியர் ஒழுங்காக மாறும், நான்கு சக்கரமும் இழுக்கும். இன்ஜின் மட்டும் படுத்துவிடும். இந்த வயது வண்டிக்குப் புது இன்ஜின் தேடுவதில் அர்த்தமில்லை என்பதால் உங்கள் வாசலுக்குத்தான் வருகிறோம். அப்படி வருகிறவர்களிடம் எதை ‘இன்ஜின்’ என்று எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

என்னுடையது 1990களின் பிற்பாதியில் வந்த சுபாரு லெகஸி அவுட்பேக். ஸ்டேஷன் வேகன், 2.5 லிட்டர், ஆட்டோமேட்டிக். அதில் இருந்த இஜே25டி இன்ஜினின் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) கதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் போய்வரும்வரை ஒன்றும் தெரியாது. நெடுந்தூரம் போனால் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து கூலண்ட்டை ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளும். டப்பாவில் குமிழி வரும், சூட்டு முள் திடீரென்று ஏறும். பெரும்பாலும் ஆயிலும் தண்ணீரும் கலக்காது, அதனால் பலருக்குக் கேஸ்கட் மேல் சந்தேகமே வருவதில்லை. சில முறை கொதித்துவிட்டால் கீழே பேரிங்கும் அடி வாங்கும். இந்த வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அதே குடும்பத்து 2.2 லிட்டர் இஜே22 இன்ஜினை எடுத்துப் போடுவது இதனால்தான். இழுவை கொஞ்சம் குறையும். ஆனால் கேஸ்கட் தொல்லை அந்த அளவுக்கு இல்லை, இன்ஜினைத் தாங்கும் மவுன்டும் கியர்பாக்ஸின் முன்வாயான பெல் ஹவுசிங்கும் பொருந்தும். கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் பழைய பிளாக்குக்கு நான்கு போல்ட், பிந்தையதற்கு எட்டு. அதுவும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

போல்ட்டோடு முடிகிற வேலையாக இது இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு வந்த இன்ஜினில் ஒயரிங்கை ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, “ஒயர்தானே சார், எலக்ட்ரீசியன் சேர்த்துடுவார்” என்று பதில் வந்தது. இந்த வண்டிகளில் இன்ஜின் ஒயரிங், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டோடு சேர்ந்தே படுத்திருக்கிறது. இன்ஜெக்டர், காயில், சென்சார் எல்லாவற்றுக்கும் கிளை பிரிந்து, கடைசியில் பெல் ஹவுசிங் பக்கம் சில பெரிய கப்ளிங்குகளில் (ஒயர் இணைப்பான்களில்) முடிகிறது. அவற்றின் கிளிப்பை அழுத்தி இழுத்தால் கையோடு வந்துவிடும். வெட்டுவதற்கும் கழற்றுவதற்கும் பெரிய நேர வித்தியாசம் கிடையாது. ஆனால் வெட்டிய ஒயரைச் சேர்க்க உட்காருகிறவன் நிலைமை என்ன? ஒரே நிறத்தில் நாலைந்து ஒயர் இருக்கும், வெயிலிலும் சூட்டிலும் அந்த நிறமும் வெளுத்திருக்கும். கையில் இருக்கும் சர்க்யூட் வரைபடம் அந்த வருடத்துக்கு உரியதா என்பதே சந்தேகமாக இருக்கும்.

அதிலும், இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங் சென்சார், கேம் சென்சார் ஒயர்கள் தனி ரகம். அந்தக் காலத்துச் சென்சார்கள் காந்தத்தால் வேலை செய்பவை. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது அவை தருவது மிகச் சிறிய மின்னழுத்தம். பக்கத்தில் ஓடும் காயில் ஒயரின் இரைச்சல் அதில் கலக்காமல் இருக்கத்தான் மேலே உலோக உறை போட்டிருக்கிறார்கள். அதை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். சூடான பிறகு திக்கும், எங்காவது நடுவழியில் நிற்கும். உடனே எல்லோரும் இன்ஜினைத்தான் திட்டுவார்கள். அப்புறம் அதே இன்ஜின் உங்களிடமே திரும்பி வரும், உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். கப்ளிங்கோடு கழற்றித் தாருங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் சரி, தருகிறோம்.

அடுத்தது வருடம். “இஜே22 எல்லாம் ஒண்ணுதான்” என்று நீங்கள் சொல்வதை எத்தனை பேர் நம்பிவிடுகிறார்கள் தெரியுமா? 1990 முதல் 1994 வரை வந்ததன் கப்ளிங் வேறு, 1995 முதல் வந்ததன் கப்ளிங் வேறு. 1995 வரை ஒவ்வொரு ஹெட்டிலும் புகை வெளியேற இரண்டு வாய், 1996 முதல் ஒன்று. என் 2.5-இல் இரண்டு வாய். ஒற்றை வாய் இன்ஜினைக் கொடுத்தால் அதன் முன்பக்கப் புகைக்குழாயும் கூடவே வர வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜினைத் தூக்கி வைத்த பிறகுதான் குழாய் சேராதது தெரியும். என்னைப் போல ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவது) இருக்கிற இன்ஜின் வேண்டும். அது இல்லையென்றால் வண்டி ஓடும், ஆனால் கம்ப்யூட்டர் அதைத் தேடிக்கொண்டே இருக்கும், மஞ்சள் விளக்கு அணையாது. 1996 வரை வந்த இஜே22-இல், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. 1997 முதல் மோதும். அந்த ஒரு வருட வித்தியாசத்துக்காகவே தேடி அலைபவர்கள் உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரியும். வண்டியைப் பிரிக்கும்போது சேஸிஸ் எண் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. பெயின்ட் மார்க்கரை எடுத்து அந்த எண்ணையும் வருடத்தையும் பிளாக்கில் எழுதிவிடுங்கள். பாடி நசுங்கிப் போன பிறகு அதைக் கண்டுபிடிக்கப் படாத பாடு பட வேண்டும்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, வண்டி உங்களிடம் ஏன் வந்தது என்பதையும் இரண்டு வார்த்தை எழுதுங்கள். பின்னால் இடி வாங்கி வந்ததா, கொதித்து நின்று வந்ததா? முதல் வகைக்கு நான் கூடுதலாகவே தருவேன். இரண்டாவது வகை என்றால், முழுதாகப் பிரித்துச் செய்பவருக்கு அதுவும் உதவும், மறைக்க வேண்டியதில்லை. ‘ஜப்பானிலிருந்து வந்தது, அதிகம் ஓடாதது’ என்ற வாசகத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அங்கே புதுக் காருக்கு 3 வருடத்திலும் அதன் பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு, அது உண்மை. சோதனை இருப்பதால் எல்லா வண்டியும் இளமையிலேயே கழிக்கப்பட்டுவிடும் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. சோதனையில் தேறிக்கொண்டே பழசாகும் வண்டி அங்கேயும் உண்டு. ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளே எழும் அழுத்தம்) பார்த்து, நான்கு எண்ணையும் எழுதுங்கள். சூடான இன்ஜினிலா, ஆறியதிலா, திராட்டில் திறந்திருந்ததா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த எண்ணுக்கு மரியாதை. நான்கும் எவ்வளவு உயரம் என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்ஜினைக் கழுவிப் பளபளவென்று வைக்கிறீர்களே, அதுவும் வேண்டாம். எங்கே கசிந்திருக்கிறது, எத்தனை நாளாகக் கசிந்திருக்கிறது என்று அந்த அழுக்குதான் சொல்லும்.

வைக்கும் விதத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. இது படுத்த இன்ஜின். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டியிருக்க, இன்டேக் வாய்கள் வானத்தைப் பார்த்திருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே போட்டால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். திறந்திருக்கிற வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போய்த் துரு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். துணி திணித்து வைக்கிறவர்கள் உண்டு, அந்தத் துணியே உள்ளே போய்விடும் ஆபத்தும் உண்டு. டேப் ஒட்டினால் போதும். அப்புறம், ஆயில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) மேல் பாரத்தைப் போட்டுத் தரையில் வைக்காதீர்கள். அது மெல்லிய தகடு. உள்ளே நசுங்கினால் ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயை அடைக்கும். வெளியே பார்த்தால் சின்னப் பள்ளம்தான், உள்ளே பேரிங்குக்கு எமன். பழைய டயர் மேல் வையுங்கள். உங்களிடம் டயருக்கா பஞ்சம்!

சில பேர் “கியர்பாக்ஸையும் சேர்த்து எடுத்துக்கோங்க, வேலை சுலபம்” என்கிறார்கள். இரண்டு சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் யோசிக்கலாம். நான்கு சக்கர வண்டியில் முன் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது) கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, பின் டிஃபரன்ஷியல் தனியாக வண்டிக்கு அடியில் இருக்கிறது. இரண்டின் பல் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். 4.11-உம் உண்டு, 4.44-உம் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்று மாட்டினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும். நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கிளட்ச் சூடாகி எரிந்துபோகும். ஆகவே கியர்பாக்ஸ் விற்பதானால் அதன் மேல் இருக்கும் குறியீட்டையும் விகிதத்தையும் சொல்லி, பின் டிஃபரன்ஷியலையும் ஜோடியாக வைத்து விற்பதுதான் முறை.

ஆட்டோமேட்டிக்கிலிருந்து இன்ஜினை மட்டும் பிரிக்கும்போது, டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) நான்கு போல்ட்டையும் மேலே உள்ள துளை வழியாகக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அவசரத்தில் கன்வெர்ட்டரையும் சேர்த்து இழுத்துவிட்டு, பிறகு அதைக் கியர்பாக்ஸுக்குள் சும்மா செருகிவைத்து விற்கிறீர்கள். அது முழுதாக உள்ளே அமரவில்லை என்றால், இன்ஜினைச் சேர்த்துப் போல்ட்டை முறுக்கும்போது கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துவிடும். கன்வெர்ட்டர் வெளியே வந்திருந்தால் ‘வந்தது’ என்று எழுதி ஒட்டினாலே போதும், மாட்டுகிறவர் சுற்றிச் சுற்றித் தள்ளி ஒவ்வொரு படியாக உட்கார வைத்துக்கொள்வார். கன்வெர்ட்டர் போல்ட் ஏறுகிற ஃபிளெக்ஸ் பிளேட்டை இன்ஜினோடு விட்டுவிடுங்கள்.

கேரண்டி பற்றி ஒரு வரி. இன்ஜின் சரியில்லை என்றால் வேறு இன்ஜின் தருகிறோம் என்கிறீர்கள், நல்லதுதான். அதை இறக்கி ஏற்றுகிற கூலி மொத்தமும் எங்கள் தலையில்தான் விழுகிறது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சீல்கள், பின்பக்க செப்பரேட்டர் தகடு இவற்றை இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றுவது எங்கள் பொறுப்பு, அதை உங்களிடம் கேட்கவில்லை. எழுதித் தருகிற விவரம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் கேட்கிறோம்.

என் வண்டியிலிருந்து இறக்கிய 2.5 லிட்டர் இன்ஜினையும் உங்களில் ஒருவருக்குத்தான் தரப்போகிறேன். ஒயரிங் கப்ளிங்கோடு முழுசாக இருக்கிறது. வாய்களை டேப் ஒட்டி மூடியிருக்கிறேன். பிளாக்கில் சேஸிஸ் எண், வருடம், ஓடிய கிலோமீட்டர், ‘ஹெட் கேஸ்கட் போனது, கொதித்திருக்கிறது, பேரிங் பார்க்கவும்’ எல்லாம் எழுதியாகிவிட்டது. அதற்கேற்ற விலையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய வேகன் ஒன்றை இன்னும் விடாத ஒருவர்